கடைசி சீட் உங்களுக்குத்தான் பாஸ்!

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போகுது? அரியர் பத்தி நான் கேட்கலை, நீங்களும் சொல்ல வேணாம்.

நேரா மேட்டருக்கு வர்றேன். ராத்திரி சாப்பாட்டு நேரம். அப்பா தொண்டையைச் செருமிக்கிட்டு, "பெரிய வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு பார்க்கிறேன்"னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. "இருக்கிறது ஓடலையாக்கும்?"னு அம்மா கேட்பாங்க. "எனக்கு ஏறி இறங்க சௌகரியமா இருக்கணும்"னு அப்பத்தா ஹால்ல இருந்தே குரல் கொடுப்பாங்க. அடுத்த செகண்ட் எல்லார் கண்ணும் யார் பக்கம் திரும்பும்? உங்க பக்கம்தான்! ரீசார்ஜ்ல இருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் வீட்டோட டெக்னிக்கல் அட்வைஸர் நாமதானே. "நீதான் எல்லாத்தையும் பார்த்து வெச்சிருக்கியே, எதை எடுக்கலாம் சொல்லு"ன்னு அப்பா ஒரு வார்த்தை சொன்னா போதும், நமக்குத் தலையில கிரீடம் ஏறிடும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்துடறோம். வண்டி வந்ததும் ஸ்டீயரிங் அப்பாவுக்கு. பக்கத்து சீட் தாத்தாவுக்கு. நடு வரிசை அத்தை, அம்மா, அப்பத்தாவுக்கு. கடைசி வரிசை? வயசுல சின்னது, காலை மடக்கி உட்காரும், குறை சொன்னாலும் யாரும் காதுல வாங்க மாட்டாங்க... சாட்சாத் நீங்களேதான்!

எனக்கு இது அனுபவம். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிச்சப்போ எங்க சித்தப்பா ஒரு ஏழு சீட்டர் எடுத்தார். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், விடுங்க. மதுரையில இருந்து கொடைக்கானலுக்கு முதல் ட்ரிப். நானும் ஒண்ணு விட்ட தம்பியும் கடைசி வரிசை. முட்டி தாடையைத் தொடுது. காலுக்குக் கீழே முறுக்கு டப்பா. ஏ.சி. காத்து நடு வரிசையோட நின்னுடுச்சு. ஜன்னல்? அது வெறும் கண்ணாடி, திறக்காது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் தம்பி முகம் பச்சையாச்சு. அப்புறம் நடந்ததை சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்களுக்காக எழுதாம விடறேன். அந்த வண்டியை வாங்கறதுக்கு முன்னாடி எங்க குடும்பத்துல ஒருத்தர்கூட கடைசி சீட்ல உட்கார்ந்து பார்க்கலைங்கிறதுதான் கொடுமை.

சரி, இப்போ வீட்ல பேச்சு ஓடுற ரெண்டு வண்டிக்கு வருவோம். ஏழு பேர் உட்காரணும், எஸ்.யூ.வி. மாதிரி நிமிர்ந்து நிக்கணும், கோடியில போயிடக் கூடாதுன்னா நம்ம ஊர்ல பெரும்பாலும் சண்டை இந்த ரெண்டுக்குள்ளதான். டாடா சஃபாரி, மஹிந்திரா எக்ஸ்யூவி 700.

சஃபாரிங்கிற பேர் 1998-லயே வந்தது. அப்பாக்களுக்கு அந்தப் பேர் மேல ஒரு கிறுக்கு உண்டு. ஆனா 2021-ல வந்த சஃபாரி வேற பிறவி. பழசு லாரி மாதிரி தனி சேஸிஸ் மேல உடம்பை உட்கார வெச்சது. புதுசு கார் மாதிரி ஒரே உடம்பு, முன் சக்கரம்தான் இழுக்கும், ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. 2023 அக்டோபர்ல முகத்தை மாத்தினாங்க. எக்ஸ்யூவி 700 வந்ததும் 2021-லதான், ஆகஸ்ட்ல. 2026 ஜனவரியில அதையே புதுப்பிச்சு எக்ஸ்யூவி 7எக்ஸ்ஓன்னு பேர் மாத்திட்டாங்க. நான் கீழே சொல்ற அளவெல்லாம் 700-ஓடது. செகண்ட் ஹேண்ட்ல தேடுற வீடுகளுக்கும் அதுதான் உதவும்.

'ஃபுல் சைஸ்'னு நாம சொல்றதைக் கேட்டா அமெரிக்காக்காரன் சிரிப்பான். அங்கே ஃபுல் சைஸ்னா செவர்லே டாஹோ மாதிரி 5.3 மீட்டர் நீள வண்டி. நம்ம சஃபாரி 4,668 மி.மீ., 700 வந்து 4,695 மி.மீ. நம்ம தெருவுக்கு இதுவே கல்யாண மண்டபம்!

இப்போ ஷோரூம் போறீங்க. சேல்ஸ்மேன் என்ன பண்ணுவார்? டிரைவர் சீட்ல உங்களை உட்கார வெச்சு, ஸ்க்ரீனை ஆன் பண்ணி, சன்ரூஃபைத் திறந்து பாட்டு போடுவார். மயங்கிடாதீங்க. நேரா பின்னாடி போங்க. உங்க அப்பா உயரத்துக்கு முன் சீட்டைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. அதுக்குப் பின்னாடி அத்தை உட்காருற மாதிரி நடு சீட்டை வைக்கச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் நீங்க கடைசி வரிசையில ஏறுங்க. இந்த ஆர்டர் ரொம்ப முக்கியம். நடு சீட்டை முன்னாடி இழுத்து வெச்சுட்டு, "பாருங்க சார், எவ்ளோ இடம்!"னு காட்டறதெல்லாம் பழைய டெக்னிக்.

ஏறுறதுலயே ரெண்டும் வேற வேற. 700-ல ஏழு சீட் மாடல்ல இடது பக்க நடு சீட் ஒரு தட்டு தட்டினா மடிஞ்சு உருண்டு வழி விடும். சஃபாரியில நடுவுல ரெண்டு தனித்தனி சீட் இருக்கிற ஆறு சீட் மாடல் எடுத்தா நடுவுல புகுந்து பின்னாடி போயிடலாம். வழியில டீக்கு நிறுத்தினா யாரையும் எழுப்பாம இறங்கலாம். ஆனா ஒரு ஆளுக்கான இடம் போச்சு. 700-லயும் 2024-ல இருந்து இப்படி ஆறு சீட் மாடல் வந்தது.

உட்கார்ந்தா? ரெண்டுலயும் முட்டி தூக்கிக்கிட்டுதான் இருக்கும். தரைக்கும் சீட்டுக்கும் உயரம் கம்மி. என் தீர்ப்பு: பெரியவங்க உட்காருற மாதிரி இருக்கிறது சஃபாரிதான், அதுவும் கொஞ்சம்தான். உயரத்துல 40 மி.மீ., அகலத்துல 32 மி.மீ. அதிகம். தோளுக்கும் தலைக்கும் அது தெரியுது. 700-ல கடைசி வரிசை பத்து வயசுப் பசங்களுக்கு சொர்க்கம், ஆறடி ஆளுக்கு தண்டனை. ரெண்டுலயும் கடைசி வரிசைக்கு ஏ.சி. வென்ட் இருக்கு. ஆன் பண்ணி முகத்துல காத்து அடிக்குதான்னு பாருங்க. குறைஞ்சது பத்து நிமிஷம் உட்காருங்க. ஒரு நிமிஷம் உட்கார்ந்தா எந்த சீட்டும் நல்லாத்தான் இருக்கும்.

இறங்கினதும் டிக்கியைத் திறங்க. மூணு வரிசையும் விரிச்சு வெச்சா ரெண்டு வண்டியிலயும் பெரிய சூட்கேஸ் நிக்காது. ஏழு பேர் போகலாம், இல்லை ஏழு பேரோட பெட்டி போகலாம். ரெண்டும் சேர்ந்து போகணும்னா கூரை மேல கேரியர்தான்.

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒண்ணு சொல்றேன். "அஞ்சு ஸ்டார் சேஃப்டி சார்!"னு ரெண்டு ஷோரூம்லயும் சொல்வாங்க. பொய் இல்லை. 700-க்கு 2021 நவம்பர்ல குளோபல் என்கேப் டெஸ்ட்ல பெரியவங்க பாதுகாப்புக்கு 5 ஸ்டார், குழந்தைகளுக்கு 4. சஃபாரிக்கு 2023 அக்டோபர்ல ரெண்டுக்கும் 5. அதே வருஷம் டிசம்பர்ல பாரத் என்கேப்லயும் 5. நம்ம நாட்டோட அந்த டெஸ்ட்ல முதல்ல ரிசல்ட் வந்த வண்டிகள்ல சஃபாரியும் ஒண்ணு. ஆனா இதை வெச்சு "சஃபாரிதான் பெஸ்ட்"னு குதிச்சுடாதீங்க. நடுவுல 2022-ல குளோபல் என்கேப் ரூல்ஸையே மாத்தி கடினமாக்கிடுச்சு. ஒருத்தர் பழைய சிலபஸ்ல எழுதினவர், இன்னொருத்தர் புது சிலபஸ்ல எழுதினவர். மார்க்கைப் பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியாதுங்கிறது உங்களுக்கு சொல்லியா தரணும்! அதோட, டெஸ்ட் பண்ணின 700-ல இருந்தது ரெண்டு ஏர்பேக், சஃபாரியில ஆறு.

முக்கியமான விஷயம் இனிமேதான். அந்த முன்பக்க மோதல் டெஸ்ட்ல முன்னாடி ரெண்டு பெரிய டம்மி, ரெண்டாவது வரிசையில ரெண்டு குழந்தை டம்மி. கடைசி வரிசையில யாரும் கிடையாது! உங்க சீட்டுக்கு யாரும் மார்க் போடலை மக்களே. அதனால நீங்களே போடணும். கடைசி சீட்ல உட்கார்ந்து ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுங்க. உங்க தலையோட பின்பக்கம் வரைக்கும் வருதா? ஹெட்ரெஸ்ட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல கையை விட்டுப் பாருங்க, எவ்ளோ இடைவெளி? பெல்ட் தோளுக்குக் குறுக்கே வருதா, கழுத்தை அறுக்குதா? கொக்கி கைக்கு எட்டுதா, சீட் இடுக்குல முங்கிக் கிடக்குதா?

பின்சீட்ல பெல்ட்டா, போலீஸ் பிடிக்கிறதுக்குத்தானேன்னு நினைக்கிறவங்களுக்கு: 2022 செப்டம்பர்ல மும்பை பக்கம் பால்கர்ல நடந்த விபத்துல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார், பின் சீட், பெல்ட் போடலை. அவருக்கு நடந்தது நமக்கு நடக்காதா என்ன? ரெண்டு வண்டியில எது எடுத்தாலும் ஏழு பேரும் பெல்ட் போட்டாத்தான் சாவியைத் திருப்பணும்னு அப்பாகிட்ட இப்பவே சத்தியம் வாங்கிடுங்க.

வீட்டு கேட்டுக்கு வருவோம். சிரிக்காதீங்க, இதுல கோட்டை விட்டவங்க நிறைய பேர். சஃபாரி அகலம் 1,922 மி.மீ., 700 வந்து 1,890 மி.மீ. சைடு கண்ணாடியை விரிச்சா இன்னும் கூடும். ஏழு அடி கேட்னா 2,134 மி.மீ. அதுவும் குறுகலான தெருவுல இருந்து வளைச்சு உள்ளே திருப்பணும்! அபார்ட்மென்ட்ல பல இடத்துல ஒரு காருக்குக் கொடுக்கிறது 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். சஃபாரியை நட்ட நடுவுல நிறுத்தினா ரெண்டு பக்கமும் ஒரு ஜாணை விடக் கொஞ்சம் கூட, அவ்ளோதான். அப்பத்தா அந்த இடுக்குல எப்படி இறங்குவாங்க? பின்னாடி சுவர் இருந்தா டிக்கி கதவு தூக்குமா? இஞ்சு டேப்பை எடுத்து இன்னிக்கே அளந்து வெச்சுக்கோங்க. கேட்டை இடிச்சுக் கட்டுற செலவை எந்த ஷோரூம்லயும் கொட்டேஷன்ல எழுத மாட்டாங்க.

இன்ஜின் பத்தி கேன்டீன்ல நீங்களே மணிக்கணக்காப் பேசுவீங்க, நான் சுருக்கமா முடிச்சுடறேன். சஃபாரியில 2 லிட்டர் டீசல், ஃபியட் வம்சம், 170 பி.எஸ். பவர், 350 நியூட்டன் மீட்டர் டார்க். 700-ல 2.2 லிட்டர் டீசல், 185 பி.எஸ்., டார்க் மேனுவல்ல 420, ஆட்டோமேட்டிக்ல 450. ஏழு பேரோட கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். ஆனா உஷார், 700-ஓட ஆரம்ப வேரியன்ட் டீசல்ல 155 பி.எஸ்.தான். பேப்பர்ல பெரிய நம்பரைப் பார்த்துட்டு சின்ன வேரியன்ட் புக் பண்ணிடாதீங்க. ஃபோர் வீல் வேணும்னு அடம் பிடிக்கிற அப்பாவா இருந்தா, 700-ல சில டீசல் வேரியன்ட்ல ஆல் வீல் டிரைவ் உண்டு. பெட்ரோல்னா 700-ல 2 லிட்டர் டர்போ, 200 பி.எஸ். சஃபாரியில 2025 கடைசி வரைக்கும் டீசல் மட்டும்தான், அதுக்கு அப்புறம்தான் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் வந்தது.

டீசலா பெட்ரோலாங்கிறதுல ஒரே ஒரு கேள்வி. வண்டி தினமும் எங்கே ஓடும்? வீட்ல இருந்து கடைக்கு ரெண்டு கிலோமீட்டர், அங்கிருந்து தங்கச்சி ஸ்கூலுக்கு மூணு கிலோமீட்டர்னா டீசல் வேணாம். இப்போ வர்ற டீசல் வண்டியில புகையில இருக்கிற கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கு. நல்லா சூடாகி ஓடினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு ஃபில்டர் சுத்தமாகும். குட்டிக் குட்டி தூரமா ஓட்டினா அடைச்சுக்கிட்டு டேஷ்போர்டுல லைட் எரியும், அப்புறம் சர்வீஸ் சென்டருக்கு நடை. வாரத்துக்கு ஒரு தடவையாவது நாலு வழிச்சாலையில அரை மணி நேரம் ஓட்டுற வீடா? டீசல் தாராளமா எடுங்க.

சன்ரூஃப் பத்தி ஒரே வரி: அது கடைசி வரிசைக்கு மேல வராது. உங்களுக்கு வானம் கிடையாது பாஸ்!

இனி காசு. இதைத்தான் அப்பா உங்ககிட்ட சொல்ல மாட்டார். 2025 செப்டம்பர் 22-ல இருந்து பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். அதுக்கு முன்னாடி செஸ் எல்லாம் சேர்த்து 50. அதனால பழைய பத்திரிகையில பார்த்த விலையைத் தூக்கிக் குப்பையில போடுங்க, ஷோரூம்ல புதுசா எழுதி வாங்குங்க. அடுத்தது ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல கூட்டினாங்க. 10-ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவிகிதம், 20 லட்சத்தைத் தாண்டினா 20. அதாவது 19.9 லட்ச ரூபாய் வண்டிக்கும் 20.1 லட்ச ரூபாய் வண்டிக்கும் விலையில வித்தியாசம் 20,000 ரூபாய். டாக்ஸ்ல கிட்டத்தட்ட 44,000! அந்தக் கோட்டுக்கு மேல போற வேரியன்ட்டை "சும்மா ரெண்டு ஸ்பீக்கர் அதிகம்"னு நீங்க கேட்டு வாங்க வெச்சா, அந்த ஸ்பீக்கர் விலை என்னன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

லோன் கணக்கு. 15 லட்சம், 9 சதவிகித வட்டின்னு வெச்சுக்குவோம். அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 31,100. ஏழு வருஷம்னா சுமார் 24,100. அப்பாவுக்கு ரெண்டாவது நம்பர்தான் இனிக்கும். ஆனா மொத்த வட்டி அஞ்சு வருஷத்துல 3.7 லட்சம், ஏழு வருஷத்துல 5.3 லட்சம். 1.6 லட்சம் எக்ஸ்ட்ரா. அதைவிட முக்கியமா, ஏழு வருஷம் கழிச்சு உங்க வீட்ல யார் யார் என்ன படிச்சுக்கிட்டு இருப்பாங்க? இப்போ எட்டாவது படிக்கிற தங்கச்சி அஞ்சு வருஷத்துல காலேஜ் சேர்ந்திருப்பா. அப்பவும் 24,000 போய்க்கிட்டே இருக்கும். அவ ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுற மாசமும் அதே தேதியில போகும். கேட்க சங்கடமா இருந்தாலும் ஒரு நாள் அப்பா தனியா இருக்கும்போது, "லோன் எத்தனை வருஷம்ப்பா?"ன்னு கேளுங்க. வண்டி கலரை விட அது உங்களுக்கு சம்பந்தப்பட்ட விஷயம்.

அப்படியே இன்னொரு கேள்வியும். போன வருஷம் நம்ம வீட்ல ஏழு பேரா சேர்ந்து எத்தனை நாள் வெளியே போனோம்? காலண்டரை எடுத்து எண்ணுங்க. எங்க சித்தப்பா அந்த வண்டியை மூணே வருஷத்துல வித்தார். அதுல ஏழு பேரா போனது மொத்தமே நாலு தடவை. அந்த நாலுல ஒண்ணு, நான் மேலே சொன்ன கொடைக்கானல். அந்த நாலு நாளைக்கும் வேன் வாடகைக்கு எடுத்திருந்தா எல்லாரும் காலை நீட்டிப் போயிருக்கலாம், தம்பியும் வாந்தி எடுத்திருக்க மாட்டான்.

சரி, "அண்ணே, நீ என்னதான் சொல்ல வர்றே?"ன்னு கேட்கிறீங்களா? பெரும்பாலும் அஞ்சு பேர், எப்பவாவது ரெண்டு பொடிசுங்க, நெடுந்தூரம் அதிகம்னா நான் 700 பக்கம். ஆறு பெரியவங்க அடிக்கடி போற வீடுன்னா ஆறு சீட் சஃபாரி. ஏழு பெரியவங்க மாசா மாசம் குலதெய்வம் கோயிலுக்குப் போற குடும்பமா? ரெண்டும் வேணாம். கௌரவத்தை ஓரமா வெச்சுட்டு இன்னோவாவைப் போய்ப் பாருங்க. அது எஸ்.யூ.வி. இல்லைதான், ஆனா கடைசி வரிசையில மனுஷன் உட்காரலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஏழு பேர்னா அஞ்சு சீட் வண்டியே போதும், மிச்சத்தை என்ன பண்றதுன்னு அம்மாவுக்குத் தெரியும்.

வர்ற சனிக்கிழமை டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவை மட்டும் அனுப்பாதீங்க. மொத்தக் குடும்பமும் போங்க, அவங்கவங்க சீட்ல உட்கார்ந்து ஒரு ரவுண்டு போங்க. ஸ்பீட் பிரேக்கர் அதிகமா இருக்கிற தெருவாப் பார்த்து விடச் சொல்லுங்க. அப்பத்தாவை யாரும் கை கொடுக்காம தானா ஏறி இறங்கச் சொல்லுங்க. சேல்ஸ்மேன் முகம் சுருங்கினா சுருங்கட்டும். இருபது லட்சம் கொடுக்கிறது நாம. போயிட்டு வந்து அப்பத்தா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம், பை!